மனச்சோர்வும் அச்சநோயும்: மூளை ஆராய்ச்சி கூறுவது என்ன?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையிலே சாதனைகளைப் பேசுவதுதான் மரபு. இச்சங்கத்தின் மாலைப் பள்ளியில் அரிச்சுவடி தொடங்கியவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் விளங்குகின்றார்கள். அந்த வரலாற்றை எனக்கு முன் பேசிய நண்பர்கள் நன்கு எடுத்துரைத்தார்கள். செயலாளர் அவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டது வேறு. "நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பாதியில் நின்றுவிடுகின்றான். கேட்டால் பேசுவதில்லை. வறுமையும் இல்லை, கெட்ட சகவாசமும் இல்லை. இதைப் பற்றி யாராவது பேச வேண்டாமா?" என்று அவர் கேட்டார். நான் மருத்துவன் அல்லன். வரலாறு பயின்ற ஆசிரியன். எனினும் முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்து வருபவன் என்ற உரிமையில், மருத்துவ நூல்களைப் படித்தும் மனநல மருத்துவர்களைக் கேட்டும் அறிந்தவற்றைக் கூற முன்வந்திருக்கின்றேன்.

நம் தெருக்களில் இத்தகைய பிள்ளைக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, "கொழுப்பெடுத்துப் படுத்துக் கிடக்கிறான்" என்பது. மற்றொன்று, "காத்துக் கருப்புப் பட்டிருக்கிறது" என்பது. முதல் விளக்கத்திற்கு மருந்து வசவும் அடியும். இரண்டாவதற்கு வேப்பிலையும் மந்திரித்த கயிறும். சற்றே படித்த குடும்பங்களில் மூன்றாவதாக ஓர் அறிவுரை சேர்ந்துகொள்கின்றது: "மனதைத் திடமாக வைத்துக்கொள்!" கால் எலும்பு முறிந்தவனிடம் "எழுந்து நடந்தால் சரியாகிவிடும்" என்று எவரும் சொல்வதில்லை. மனம் முறிந்தவனிடம் மட்டும் தயங்காமல் சொல்லிவிடுகின்றோம்.

மனம் என்பது மூளை என்னும் உறுப்பின் தொழிற்பாடு. ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள அவ்வுறுப்பில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. ஈரலும் இதயமும் நோயுறுவது போலவே மூளையும் நோயுறும். வாழும் சூழ்நிலையால் அடிபடும். மருந்தாலும், பயிற்சியாலும், மனிதர்களின் துணையாலும் தேறும். இதுவே நான் இன்று கூற வந்த செய்தி. இதனை அறிவியல் எவ்வாறு கண்டறிந்தது, எங்கே இன்னும் தடுமாறுகின்றது என்பதைச் சற்று விரிவாகக் கூற அனுமதிக்க வேண்டுகின்றேன்.

முதலில் நோயின் அடையாளம். துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு. தந்தையை இழந்தவன் அழுவது நோயன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் இருண்டிருப்பது, முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் நாட்டம் அறவே போய்விடுவது, உறக்கமும் பசியும் குலைவது, எடுத்த செயலில் கவனம் நில்லாமை, தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம், உயிரோடு இருப்பதே வீண் என்ற நினைவு ஆகிய இவற்றில் பல ஒன்றுசேர்ந்து வருவதே மனச்சோர்வு நோய். நம் மக்கள் இதனை மனத்தின் மொழியில் கூறுவதில்லை. உடலின் மொழியிலேயே கூறுவார்கள். "தலை பாரமாக இருக்கிறது", "உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலிக்கிறது", "நெஞ்சு படபடக்கிறது" என்பார்கள். ஆகவே ஊசியும் குளுக்கோஸும் ஏற்றிக்கொண்டு திரும்பிவிடுகின்றார்கள். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16 ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இருபது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சோர்வு நோய் வருவதாகக் கண்டது. அவ்வாறு நோயுற்றோரில் நூற்றுக்கு 85 பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்றும் அது கூறியது. இந்த மண்டபத்தில் இருநூறு பேர் அமர்ந்திருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கு தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இரத்தச்சோகையும் தைராய்டு சுரப்பிக் குறையும் ஏறத்தாழ இதே அடையாளங்களோடு வரும். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டுகொள்ளலாம். ஆனால் மூளையைப் படம் எடுத்து "இது மனச்சோர்வு" என்று கூறும் பரிசோதனை இன்றுவரை இல்லை. இந்நோயை மருத்துவர் நம்மோடு அமர்ந்து பேசித்தான் கண்டறிகின்றார். எனவே இதற்காக எவரேனும் ஆயிரக்கணக்கில் ஸ்கேன் எடுக்கச் சொன்னால், "எதற்காக?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வலிப்பு, தலைக்காயம் போன்ற வேறு ஐயங்களுக்காக மருத்துவர் ஸ்கேன் எழுதித் தருவது வேறு விஷயம்.

இனி வரலாற்றுக்கு வருகின்றேன். இந்த மூளை ஆராய்ச்சியின் ஒரு வேர் நம் நாட்டு மண்ணிலே இருக்கின்றது. வேர் என்று நான் உவமையாகக் கூறவில்லை. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரைத்தான் குறிப்பிடுகின்றேன். வடநாட்டுக் கிராமங்களில் அதற்குப் 'பைத்தியத்தின் மருந்து' என்றே பெயர் இருந்தது. 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு மருத்துவர்கள், இவ்வேர் மனக்கொதிப்பையும் இரத்தக் கொதிப்பையும் தணிப்பதாக எழுதினார்கள். அக்கட்டுரையை மேல்நாட்டார் எவரும் பொருட்படுத்தவில்லை. 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்னும் மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள்.

பிறகு நடந்தது வியப்பானது. இரத்தக் கொதிப்புக்காக ரிசர்பின் உண்டவர்களில் சிலர் காரணமின்றி ஆழ்ந்த சோர்வில் வீழ்வதாக மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தபோது, இம்மருந்து நியூரான்களில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் செரட்டோனின் முதலிய இரசாயனங்களைக் காலி செய்துவிடுவது தெரிந்தது. ஒரு நியூரான் அடுத்த நியூரானுக்குச் செய்தி அனுப்புவது இத்தகைய இரசாயனங்களின் வாயிலாகத்தான். 1957-இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் என்பவர் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். அவை காதுகளைத் தொங்கவிட்டு, அசைவற்றுக் கிடந்தன. பின்னர், மூளையில் டோப்பமினாக மாறக்கூடிய எல்-டோப்பா என்னும் பொருளை ஊசிவழி செலுத்தினார். சிறிது நேரத்தில் அம்முயல்கள் காது நிமிர்த்தி எழுந்து ஓடின. 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ஆராய்ச்சிகளுள் இதுவும் ஒன்று. அசைவற்றுக் கிடந்த அம்முயலைக் "கொழுப்பெடுத்துக் கிடக்கிறது" என்று எவரேனும் சொல்வார்களா?

மற்றொரு வேர் காசநோய் மருத்துவமனையில் இருந்தது. பஞ்சுத் தூசியில் உழைக்கும் நம் பகுதிக்குக் காசநோய் அந்நியமானதன்று. பெருந்துறை சானடோரியம் என்ற பெயரைச் சொன்னால் இங்குள்ள முதியோர்க்கு இன்னும் நெஞ்சு ஒருகணம் நிற்கும். 1952-ஐ ஒட்டி நியூயார்க் நகரைச் சேர்ந்த காசநோய் மருத்துவமனை ஒன்றில் ஐப்ரோனியசிட் என்னும் புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் முழுதும் ஆறுவதற்கு முன்னரே நோயாளிகள் சிரித்துப் பேசத் தொடங்கினார்கள்; சிலர் வார்டிலேயே நடனமாடினார்கள். அந்த மருந்து, மேற்சொன்ன மூளை இரசாயனங்களைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கின்றது என்பது கண்டறியப்பட்டது. 1957-இல் நேதன் கிளைன் என்னும் மருத்துவர் அதனை மனச்சோர்வுக்கு மருந்தாகப் பயன்படுத்தினார். ஏறத்தாழ அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்பவர் இமிப்ரமின் என்னும் மருந்தைக் கண்டார்.

ஒரு மருந்து இரசாயனத்தைக் காலி செய்தது, மனம் சோர்ந்தது. மற்றொன்று அதனைக் காத்தது, மனம் எழுந்தது. எனவே செரட்டோனின் போன்றவற்றின் குறைவே மனச்சோர்வு என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு மிகவும் எளிதாக இருந்தது. மருந்துக் கம்பெனிகளுக்கும் விளம்பரத்திற்கு வசதியாக இருந்தது. ஆனால் விடை அத்தனை எளிதன்று. 1955-லேயே இலண்டனில் டேவிஸ், ஷெப்பர்டு என்னும் இருவர், அச்சமும் சோர்வும் உற்ற நோயாளிகளுக்கு ரிசர்பின் கொடுத்து, அவர்கள் தேறியதாக எழுதியிருந்தார்கள். அக்கட்டுரை நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. 2022-இல் ஜோன்னா மோன்கிரீஃப் முதலிய இலண்டன் ஆய்வாளர்கள், பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செரட்டோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று அறிவித்தார்கள்.

அப்படியானால் மருந்துகள் பொய்யா? அன்று. 2018-இல் 522 ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தபோது, சோதிக்கப்பட்ட 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடப் பயனளித்தன; பயனின் அளவு பெரும்பாலும் மிதமானதே. தலைவலிக்கு மாத்திரை போட்டுக் குணமானால், உடலில் அம்மாத்திரை குறைவாக இருந்ததனால்தான் தலைவலித்தது என்று பொருளாகுமா? காரணம் வேறு, நிவாரணம் வேறு.

இங்குதான் ஆராய்ச்சி நம் அன்றாடத்திற்குப் பயன்படுகின்றது. இம்மாத்திரைகள் மூளை இரசாயனத்தைச் சில மணி நேரத்திலேயே மாற்றிவிடுகின்றன. ஆனால் நோயாளி தேறுவதற்கு இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. இந்த இடைவெளியில் நியூரான்களின் இணைப்புகள் மெல்ல மெல்லப் புதுப்பிக்கப்படுகின்றன என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றார்கள். நம் மக்கள் செய்வது என்ன? பத்து நாள் மாத்திரை தின்றுவிட்டு, "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுகின்றார்கள். அல்லது ஒரு மாதத்தில் தெளிவு வந்தவுடன், "சரியாகிவிட்டது" என்று நிறுத்திவிடுகின்றார்கள். தேறிய பின்னரும் பல மாதங்கள் மருந்தைத் தொடர வேண்டும். நிறுத்துவதாயின் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். மற்றொரு தவறான வழக்கமும் இருக்கின்றது. மருந்துக் கடையில் சீட்டின்றித் தூக்க மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது. மனச்சோர்வு மருந்து வேறு, தூக்க மாத்திரை வேறு. பின்னதுதான் விரைவில் அடிமைப்படுத்தும்.

இனி அச்சநோய். மூளையின் உட்புறத்தில், இரு பக்கமும், வாதுமைக் கொட்டை வடிவில் அமிக்டலா என்னும் சிறு பகுதி உள்ளது. அது நம் பழைய ஆலைச் சங்கு போன்றது. ஆபத்து வந்தால் ஊதுவது அதன் கடமை. சங்கு ஊதியவுடன் இதயம் விரைகின்றது, மூச்சு வாங்குகின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது. ஜோசப் லெடூ என்னும் அமெரிக்க ஆய்வாளர், ஆபத்தின் செய்தி இந்தப் பகுதியை ஒரு குறுக்குவழியாலும், சிந்திக்கும் மூளைப் புறணியைச் சுற்றிவரும் நீண்ட வழியாலும் சென்றடைவதைக் காட்டினார். அதனால்தான் கயிற்றைப் பாம்பென்று கண்டு முதலில் துள்ளிக் குதித்துவிட்டுப் பிறகு கயிறு என்று உணர்கின்றோம். அச்சநோய் உடையவரிடம் சங்கு வேளை கெட்ட வேளையில் ஊதுகின்றது. பஸ்ஸில், தேர்வறையில், நள்ளிரவில், ஆபத்து ஏதுமில்லாதபோது ஊதுகின்றது. "எனக்கு மாரடைப்பு" என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுகின்றார்கள். ஈ.சி.ஜி. சரியாக இருக்கின்றது. மறுமாதம் மீண்டும் ஓடுகின்றார்கள்.

ஆயினும் அமிக்டலா ஒன்றே அச்சம் என்று எண்ணிவிடலாகாது. அமிக்டலா இருபுறமும் சிதைந்துபோன ஒரு பெண்மணியை அமெரிக்காவில் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றார்கள். பாம்பைக் கண்டும் அவர் அஞ்சுவதில்லை. அத்தகையவரே, 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்தவுடன் கடும் பீதியடைந்தார். மூச்சுத் திணறலின் அச்சத்திற்கு மூளையில் வேறு வாயில்களும் உண்டு போலும்.

சிகிச்சைக்கு உதவும் கண்டுபிடிப்பு ஒன்றை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கற்ற அச்சம் அழிவதில்லை. அஞ்சும் பொருளை, பாதுகாப்பான நிலையில், சிறிது சிறிதாக மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளும்போது, "இதனால் ஆபத்தில்லை" என்ற புதிய பாடத்தை முன்மூளை கற்று, பழைய சங்கை அடக்குகின்றது. என் பள்ளியில் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். தந்தை சாயப்பட்டறைத் தொழிலாளி, தாய் கைமடி. வீட்டில் ஒப்பிக்கும் பாடத்தைத் தேர்வறையில் எழுத மாட்டான். கை நடுங்கும், வாந்தி வரும். அவன் தாய் முதலில் குறி கேட்டாள், பிறகு கயிறு கட்டினாள், பிறகு எங்கள் ஆசிரியை ஒருவரின் சொல் கேட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். அங்கிருந்த உளவியலர் கூறியபடி, காலியான தேர்வறையில் ஐந்து நிமிடம் உட்காருவதிலிருந்து தொடங்கினோம். பிறகு பத்து நிமிடம், பிறகு ஒரு நண்பனோடு, பிறகு வினாத்தாளோடு. இரண்டு மாதம் ஆயிற்று. மாத்திரை தேவைப்படவில்லை. கயிறும் கையிலேயே இருந்தது. அதை அவிழ்க்கும்படி நாங்கள் கூறவில்லை.

இப்பொழுது உங்களில் சில இளைஞர்கள் மனத்தில் எழும் கேள்வியை நான் உணர்கின்றேன். "ஐயா, எல்லாம் மூளையின் கோளாறு என்று கூறிவிட்டால், எங்களை இழிவுபடுத்தும் சமுதாயம் தப்பித்துக்கொள்ளுமே?" நியாயமான கேள்வி. இதற்கும் ஆராய்ச்சியிலேயே விடை இருக்கின்றது.

ராபர்ட் சபோல்ஸ்கி என்னும் அறிஞர் கென்யா நாட்டுக் காடுகளில் 1970-களின் இறுதியிலிருந்து பபூன் குரங்குகளை ஆராய்ந்தார். குரங்கை எடுத்துக்காட்டுகின்றாரே என்று வருந்தாதீர்கள்; மேல் கீழ் என்று பிரித்து வாழும் குணத்தில் மனிதனுக்கு அதுவே நெருங்கிய உறவு. அக்கூட்டங்களில் கீழ்நிலையில் வைக்கப்பட்ட ஆண் குரங்குகளின் இரத்தத்தில் கார்ட்டிசால் என்னும் இடர்க்கால இயக்குநீர் இடையறாது மிகுந்திருந்தது. ஆபத்து வேளையில் உயிர் காக்கும் அந்நீர், ஆண்டுக்கணக்கில் ஓயாது சுரந்தால் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் நினைவுப் பகுதியைத் தேய்க்கின்றது என்பதை விலங்குகளில் கண்டிருக்கின்றார்கள். மீண்டும் மீண்டும் மனச்சோர்வுக்கு ஆளான மனிதர்களிடமும் அப்பகுதி சற்றே சிறுத்திருப்பதை 2015-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

கதை அத்தோடு முடியவில்லை. 1980-களில் ஒரு கூட்டத்தின் மூர்க்கமான ஆண் குரங்குகள், சுற்றுலா விடுதியின் குப்பை மேட்டைப் பிற குரங்குகளோடு சண்டையிட்டுக் கைப்பற்றி, அங்குக் கிடந்த காசநோய் இறைச்சியைத் தின்று மடிந்தன. எஞ்சிய கூட்டத்தில் அடிதடி குறைந்தது. பின்னர் வெளியிலிருந்து வந்து சேர்ந்த இளங்குரங்குகளும் அந்த அமைதியான பழக்கத்தையே கற்றுக்கொண்டன. அக்கூட்டத்தின் கீழ்நிலைக் குரங்குகளிடம் முன்பு கண்ட இடர்க்குறிகள் இல்லை. இது 2004-இல் வெளியிடப்பட்டது. தாழ்வு பிறவியிலேயே உடலில் எழுதப்பட்டது என்போர் இதற்கு என்ன விடை சொல்வார்கள்?

மனிதர்களைப் பற்றியும் கூறுகின்றேன். ஆஷிஷ் குப்தா, டயான் காஃபி ஆகிய இருவர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆறு மாநிலங்களில் திரட்டிய விவரங்களை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாடு அவற்றுள் இல்லை. உயர்சாதி இந்துக்களைவிடப் பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் தம் மனநலம் தாழ்ந்திருப்பதாகக் கூறினார்கள். இதில் புதுமையில்லை. சொத்து, செலவு, கல்வி ஆகியவற்றைச் சமமாக்கிக் கணக்கிட்டபோதும் அந்த வேறுபாடு மறையவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. அதாவது, ஏழ்மைக்கு மேலாக இழிவு என்று ஒன்று தனியே இருக்கின்றது. அது தன் கணக்கைத் தனியே வசூலிக்கின்றது.

2016 ஜனவரியில் ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவை இழந்தோம். 2017 செப்டம்பரில் அரியலூர் மாவட்டத்து அனிதாவை இழந்தோம். பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 மதிப்பெண் பெற்ற பெண் அவர். இவ்விருவர்க்கும் ஒரு நோயின் பெயரைச் சூட்ட எனக்கு உரிமையில்லை; எவருக்கும் இல்லை. நோயின் பெயரால் அநீதியை மூடி மறைக்க விடலாகாது. அநீதியைப் பேசும் ஆவேசத்தில், உயிரோடு நம் பக்கத்தில் வாடிக்கொண்டிருக்கும் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல மறந்துவிடவும் கூடாது.

நம் ஊருக்கே உரிய சுமைகளும் உண்டு. ஒன்றரை ஷிப்டு என்பதை இங்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 2017-இல் மூன்று அமெரிக்க அறிவியலாளர்கள், உடலுக்குள் இயங்கும் உயிர்க்கடிகாரத்தை விளக்கி நோபல் பரிசு பெற்றார்கள். இரவை உறக்கத்திற்கென்று குறித்து வைத்திருக்கும் அக்கடிகாரம், ஏற்றுமதி ஆர்டரின் கடைசித் தேதியை அறியாது. நீண்டநாள் உறக்கம் கெட்டவர்க்குப் பின்னர் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று ஆய்வுகள் கூறுகின்றன. வேலை இல்லாவிட்டாலும் மனம் முறிகின்றது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணைப்படி நூற்றுக்கணக்கான சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலுக்கு அது நியாயமே. ஆயின் அன்று சனிக்கிழமைச் சம்பளம் நின்றுபோன வீடுகளில் என்ன நடந்தது என்பதை எந்த ஆணையும் கேட்கவில்லை. 2020 ஊரடங்கிலும் அதே நிலை. நூற்பாலை விடுதிகளில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அடைபட்டு உழைத்த பெண்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருக்கின்றோம். நம் வீட்டுப் பெண்களும் அவர்களுள் இருந்தார்கள். எட்டு மணி நேர வேலை கேட்பது கூலிப் பிரச்சினை மட்டுமன்று, மூளையின் நலப் பிரச்சினையுமாகும் என்று இனித் தொழிற்சங்கத் தோழர்கள் துணிந்து கூறலாம்.

சிகிச்சை என்றவுடன் 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல்லும் அதனோடு வரும் ஏளனமும் நினைவிற்கு வருகின்றன. அந்நிறுவனத்தின் வரலாறு 1794-இல் தொடங்குகின்றது. எத்தனையோ பேரைத் தேற்றி அனுப்பிய இடத்தின் பெயரை நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம். மறுபுறம், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட முடியாமல் மாண்டார்கள். நம்பிக்கையின் மீது எனக்குப் பகையில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த கடும் மனநோயாளிகள் 31 பேரை நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து 2002-இல் எழுதினார்கள். அங்கே அடியில்லை, கட்டில்லை. உறவினர் உடனிருந்தார்கள், சிறு வேலைகள் செய்தார்கள். சராசரி ஆறு வாரத்தில் நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சங்கிலியும் கோயிலில் இருக்கலாம், ஆதரவும் கோயிலில் இருக்கலாம். எது இருக்கின்றது என்று பார்த்துச் செல்லுங்கள். மருந்தை நிறுத்திவிட்டு மட்டும் செல்லாதீர்கள்.

குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் முறைக்கு நம் நாடு முன்னோடி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் நோயாளியோடு உறவினரையும் தங்கவைத்தது. ஏறத்தாழ அதே நேரத்தில், 1956-இல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆய்வு மையம், நெரிசலான ஏழை வீட்டில் தங்கி ஒழுங்காக மருந்துண்பவரும் சானடோரியத்தில் இருப்பவருக்கு நிகராகத் தேறுகின்றார் என்று 1959-இல் உலகிற்குக் காட்டியது. வீட்டை விட்டு விலக்கினால்தான் குணமாகும் என்ற எண்ணம் அன்றோடு உடைந்திருக்க வேண்டும்.

அண்மைக்கால முயற்சி ஒன்று நமக்கு மிகவும் பொருந்துவது. கோவாவில் சங்காத் என்னும் அமைப்பு, மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர் மக்களைத் தேர்ந்து பயிற்சி அளித்தது. அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வுற்றோரிடம் ஆறு முதல் எட்டு முறை அமர்ந்து பேசினார்கள். செய்யச் சொன்னது எளியது: நோயாளி கைவிட்ட அன்றாடச் செயல்களை, விருப்பம் வரும்வரை காத்திராமல், சிறிது சிறிதாக மீண்டும் தொடங்கச் செய்வது. மூன்று மாதத்தில் இவர்களிடம் பேசியோரில் நூற்றுக்கு 64 பேர் தேறியிருந்தனர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றோரில் 39 பேர். இது 2017-இல் வெளியானது. கோலம் போடுவதை நிறுத்திவிட்ட அக்காளிடம் சென்று, "நாளைக் காலையில் நான் வருகின்றேன், இரண்டு பேரும் சேர்ந்து போடலாம்" என்று கூறுவதற்குப் பட்டம் வேண்டுமா?

சில செய்திகளை விரைந்து கூறி அமர்கின்றேன். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கொண்டு சிகிச்சை தர வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகின்றது. ஆகவே போலீசுக்கு அஞ்சி எவரும் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசுகின்றது, 104-உம் உண்டு. வீட்டில் பூச்சிமருந்தும் சாணிப் பவுடரும் வைத்திராதீர்கள். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பின், 1995-க்கும் 2015-க்கும் இடையில் தற்கொலை விகிதம் மூன்றில் ஒரு பங்கு அளவிற்குக் குறைந்தது. அந்த ஒரு நிமிடம் கடந்துவிட்டால் பலர் பிழைத்துவிடுகின்றார்கள். எவரேனும் "சாகலாம் போலிருக்கிறது" என்றால், நேராகக் கேளுங்கள்: "அப்படி எண்ணம் வருகிறதா?" கேட்பதனால் எண்ணம் தோன்றிவிடாது, கேட்டபின் அவரைத் தனியே விட்டுச் செல்லாதீர்கள்.

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்தான். ஆனால் ஒருநாள் கூலியை இழந்து, நீண்ட வரிசையில், தனியே நிற்பதற்கு நம் மக்கள் கூசுகின்றார்கள். ஆகவே செயலாளர் அவர்களும் நானும் கலந்து பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றோம். சங்கத்தின் நூலக அறையில் ஒரு குறிப்பேடு வைக்கப்பட்டுள்ளது. நோயுற்றவரோடு மருத்துவமனைக்குத் துணையாகச் செல்ல, மாதத்தில் ஒருநாள் தர இயன்ற தம்பிமாரும் தங்கைமாரும் தங்கள் பெயரையும், எந்த ஷிப்டில் வேலை என்பதையும் அதில் எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கின்றேன். பெண்களோடு பெண்களே செல்ல வேண்டும். ஆதலால் பெண்களின் பெயர்கள் அதிகம் தேவைப்படுகின்றன. நோயாளியின் பெயர் அக்குறிப்பேட்டில் எழுதப்பட மாட்டாது.